மீட்டர் எண்ணாத மணிகள்

காவல்துறை கழிவு செய்த இரண்டு ஜீப்புகள் ஏலத்துக்காக ஆயுதப்படை மைதானத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதாக வைத்துக்கொள்ளலாம். இரண்டும் பொலிரோ, ஒரே மாடல், ஒரே ஆண்டில் வாங்கியவை. ஒன்றின் மீட்டர் 1,90,000 கிலோமீட்டர் காட்டுகிறது. மற்றதில் 95,000 தான். ஏலம் கேட்க வந்தவர்கள் இரண்டாவது வண்டியைச் சுற்றித்தான் கூடுவார்கள். ஆனால் முதல் வண்டி தஞ்சாவூர்–திருச்சி நெடுஞ்சாலையில் ரோந்து போனது. இரண்டாவது, காவிரி டெல்டாவில் உள்ள பூதலூர் போன்ற ஓர் ஊரின் காவல் நிலையத்தில் இருந்தது. இஞ்சினைப் பிரித்துப் பார்த்தால் இரண்டாவது வண்டியே அதிகம் தேய்ந்திருக்க நல்ல வாய்ப்புண்டு. பாதி தூரமே ஓடிய வண்டி கூடுதலாகத் தேய்வது எப்படி?

பூதலூர்ப் பக்கத்து டிராக்டர்க்காரர் எவருக்கும் இதற்கு விடை தெரியும். பழைய டிராக்டரை விலை பேசும்போது அவர் “எத்தனை மணி ஓடியிருக்கு?” என்றுதான் கேட்பார். சேற்றுழவில் வண்டி நாள் முழுக்க உறுமினாலும் கடக்கும் தூரம் சொற்பம். அதனால்தான் டிராக்டரில் மணிமானி இருக்கிறது. இஞ்சின் இயங்கிய நேரத்தை அது கணக்கு வைக்கிறது. அறுப்புக்கு வரும் பெல்ட் வண்டிக்கும் டயர் வண்டிக்கும்கூட மணிக்கு இவ்வளவு என்றே வாடகை. ஜீப்பும் காரும் சாலையில் ஓடுவதற்கென்றே செய்யப்பட்டவை என்பதால் அவற்றில் தூரமானி மட்டும் வைத்தார்கள். வீட்டுக் காருக்கு அது போதும். காவல் வண்டிக்குப் போதாது.

காவல் நிலைய வண்டிக்கு ஓடுவது எவ்வளவு வேலையோ நிற்பதும் அவ்வளவு வேலை. ஆடிப்பெருக்கன்று, பூதலூர் வட்டத்தில் இருக்கும் கல்லணையில் கூட்டம் நெரியும்போது பந்தோபஸ்து வண்டி காலை முதல் ஓரிடத்தில் நிற்கும். வயர்லெஸ், சுழல்விளக்கு, ஒலிபெருக்கி, ஏசி எல்லாமே மின்சாரம் இழுப்பவை. இஞ்சினை அணைத்துவிட்டு இவற்றைப் பயன்படுத்தினால் பேட்டரி இறங்கிவிடும். அவசரத்துக்கு வண்டி கிளம்பாது. ஆகவே மணிக்கணக்கில் அது “ஸ்டார்ட்டிங்கிலேயே” நிற்கும். கோயில் திருவிழா, அரசியல் கூட்டம், சாலை மறியல், இரவுக் காவல் எதுவானாலும் இதே கதைதான். வண்டி நகராமல் இஞ்சின் மட்டும் இயங்கும் இந்த நிலையை ஓட்டுநர்கள் ஐட்லிங் என்பார்கள். தமிழில் நின்றோட்டம் என்று சொல்லலாம்.

நின்றோட்டத்தில் டீசல் இஞ்சினின் கிராங்க் தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 800 முறை சுழலும். ஒரு மணிக்கு 48,000 சுற்று. அதே வண்டி சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 2,000 சுற்றில் போவதாகக் கொண்டால் கிலோமீட்டருக்கு 2,400 சுற்று வருகிறது. அதாவது ஒரு மணி நேரம் நின்ற இடத்தில் இயங்கிய வண்டி, சுற்றுக் கணக்கில் 20 கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம். மீட்டரிலோ ஒரு மீட்டர்கூட ஏறியிருக்காது.

அமெரிக்கக் காவல்துறைகளுக்கு வண்டி செய்து தரும் ஃபோர்டு நிறுவனம் இதற்கென்றே தனி மணிமானி பொருத்துகிறது. ஒரு மணி நின்றோட்டத்தை 33 மைல், அதாவது 53 கிலோமீட்டர் ஓட்டமாகக் கொண்டு பராமரிக்கச் சொல்கிறது. அங்கே காவல் பணியிலிருந்து ஓய்வுபெற்ற கிரௌன் விக்டோரியா கார்கள் ஏலத்தில் போய் டாக்சிகளாக ஓடின. 2011இல் அந்தக் காரின் உற்பத்தி நின்றது. அவற்றை வாங்கப் போனவர்கள் தூரத்தையும் மணியையும் சேர்த்தே பார்க்கப் பழகியிருந்தார்கள். அந்தக் காரில் இருந்தது பெரிய பெட்ரோல் இஞ்சின். 53 என்ற எண்ணை அப்படியே பொலிரோவுக்குப் பொருத்த முடியாது. ஆனாலும் வெறும் சுற்றுகளை எண்ணிக் கிடைத்த 20ஐவிட அது மிகப் பெரியது. நின்றோட்டத்தில் சுற்றும் ஒரு சுற்று, சாலையில் சுற்றும் ஒரு சுற்றைவிடக் கெடுதலானதா என்ற கேள்வி இங்கே எழுகிறது.

விடை மசகு எண்ணெயில் இருக்கிறது. நன்றாக ஓடும் இஞ்சினில் தண்டும் அதைத் தாங்கும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இரண்டுக்கும் நடுவே முடியிழையைவிட மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கிறது. தண்டு அதன்மேல் மிதக்கிறது. இதை முதலில் கண்டது லண்டனில் 1883இல் பியூச்சாம்ப் டவர் செய்த சோதனை. இயந்திரப் பொறியாளர் நிறுவனத்துக்காக அவர் ரயில் அச்சின் பேரிங்கை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் மேற்பக்கத்தில் ஒரு துளை போட்டார். அச்சைச் சுழலவிட்டபோது துளை வழியே எண்ணெய் உள்ளே போகவில்லை. உள்ளிருந்து மேலே பொங்கி வழிந்தது. தக்கை வைத்து அடைத்தார், நிற்கவில்லை. மரமுளை அடித்தார்; அதையும் எண்ணெய் மெல்ல வெளியே தள்ளியது. பிறகு அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தால், பேரிங் தாங்கிய சராசரி அழுத்தத்தைப் போல இரு மடங்கு அங்கே இருந்தது. எண்ணெயை யாரும் பம்ப் செய்யவில்லை. சுழலும் தண்டே எண்ணெயை இழுத்துக்கொண்டு போய் இடுக்கில் திணித்து, அந்த அழுத்தத்தை உண்டாக்கியிருக்கிறது. இதற்கான கோட்பாட்டை 1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் எழுதினார்.

டெல்டா விவசாயிக்கு இதைப் பரம்படிப்பதை வைத்துச் சொல்லலாம். சேற்று வயலில் பரம்புப் பலகையின்மேல் ஆள் ஏறி நிற்க, மாடு இழுக்கும். பலகை நகரும் வரை சேற்றுநீரின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். மாடு நின்றால் பலகை சேற்றில் அமர்ந்துவிடும். வேகம்தான் அதைத் தூக்கிப் பிடித்திருந்தது. தண்டுக்கும் எண்ணெய்க்கும் உள்ள உறவு இதேதான். வேகம் போதுமானால் தண்டு மிதக்கும். இது படல மசகு. வேகம் குறைந்தால் படலம் மெலியும். ஒரு கட்டத்துக்குக் கீழே உலோக மேடுகள் ஒன்றையொன்று உரசும். அதை எல்லை மசகு என்பார்கள். தேய்மானத்தின் பெரும்பங்கு இந்த எல்லையில்தான் நடக்கிறது.

நின்றோட்டத்தில் பேரிங்கின்மேல் சுமையும் குறைவு என்பதால் அது ஓரளவு தப்பிக்கும். பிஸ்டன் வளையத்தின் நிலை வேறு. சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒவ்வொரு முறையும் உச்சிக்குப் போய், ஒரு கணம் நின்று, திரும்புகிறது. அந்தக் கணத்தில் வேகம் சுழி, மிதப்பும் சுழி. பழைய இஞ்சினின் சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிய மெக்கானிக், சிலிண்டர் உட்சுவரின் மேல்முனையில் நகத்தை வைத்துக் கீழே இழுத்துப் பார்ப்பார். நகம் ஒரு சிறு படியில் தட்டும். வளையம் எட்டாத மேல்விளிம்பு பழைய அளவிலேயே இருக்க, அதற்குச் சற்றுக் கீழே வளையம் திரும்பும் இடத்தில் உலோகம் அரிபட்டிருப்பதால் உண்டான படி அது. “போர் தேஞ்சிருச்சு” என்று அவர் சொல்வது அந்த நகத்தை வைத்துத்தான்.

உராய்வு மட்டும் காரணமில்லை. 1930களில் பிரிட்டனில் சி. ஜி. வில்லியம்ஸ், சிலிண்டர் தேய்மானம் வெப்பநிலையைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்று அளந்தார். சூடான இஞ்சினைவிடக் குளிர்ந்த இஞ்சின் பல மடங்கு வேகமாகத் தேய்ந்தது. எரிபொருள் எரியும்போது நீராவியும் அமில வாயுக்களும் உண்டாகின்றன. சிலிண்டர் சுவர் சூடாக இருந்தால் அவை புகையோடு வெளியேறிவிடும். சுவர் குளிர்ந்திருந்தால் சோற்றுப் பானை மூடியில் வியர்ப்பது போல அங்கேயே படிந்து இரும்பை அரிக்கும். பின்னாளில், அணு உலையில் வைத்துக் கதிரியக்கம் ஏற்றிய பிஸ்டன் வளையத்தை இஞ்சினில் பொருத்தி, எண்ணெயில் கலந்து வரும் கதிரியக்கத்தை அளந்து, இஞ்சினைப் பிரிக்காமலே தேய்மானத்தைக் கண்காணிக்கும் முறையும் வந்தது. இன்று எரிபொருளில் கந்தகம் குறைந்துவிட்டதால் அமிலத்தின் கடுமை தணிந்திருக்கிறது. 2020 ஏப்ரல் முதல் விற்கப்படும் பாரத் ஸ்டேஜ்-6 (பி.எஸ்.-6) தர டீசலில் கந்தக அளவு பத்து லட்சத்தில் 10 பங்கு மட்டுமே.

டீசல் இஞ்சினுக்கு நின்றோட்டம் இன்னொரு வகையிலும் ஆகாது. சுமையே இல்லாமல் இயங்கும்போது சொட்டுச் சொட்டாகத்தான் டீசல் உள்ளே போகிறது. எரியறையில் போதிய சூடு ஏறுவதில்லை. ஈர விறகு வைத்த அடுப்பைப் போல அது புகையும். முழுதாக எரியாத டீசல் கரியாகப் படியும். ஒரு பகுதி வளையங்களைத் தாண்டிக் கீழே இறங்கி மசகு எண்ணெயில் கலந்து அதை நீர்க்கச் செய்யும். நீர்த்த எண்ணெயின் படலம் மேலும் மெலியும். ஆயில் மாற்றுவதோ கிலோமீட்டர் கணக்கில். மீட்டர் மெதுவாக ஏறும் வண்டியில் அந்தக் கெட்ட எண்ணெய் கூடுதல் மணி நேரம் சுழன்றுகொண்டே இருக்கும். தூரம் குறைந்த வண்டி அதிகம் தேய்வதற்கு முதன்மைக் காரணமாக இந்தப் பராமரிப்புப் பிழையைத்தான் சொல்ல வேண்டும்.

புதிய வண்டிகளில் இன்னொரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. பி.எஸ்.-6 டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அது நிரம்பியதும் புகையின் வெப்பத்தை 550, 600 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றிச் சேர்ந்த கரியை எரித்துவிடும். அதற்குச் சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட வேண்டும். நின்றே பணி செய்யும் வண்டியில் அந்த வாய்ப்பு கிடைப்பதில்லை, வடிகட்டி அடைத்துக்கொள்ளும். 2020க்குப் பின் வாங்கிய காவல் வண்டிகள் ஏலத்துக்கு வரும்போது, இந்த வடிகட்டியின் நிலைமை இஞ்சின் நிலைமை அளவுக்கு முக்கியமானதாக இருக்கும்.

இஞ்சினைத் திறக்காமல் இதையெல்லாம் அறிய முடியுமா? முடியும். 1940களில் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே ரயில்வே, டீசல் இஞ்சின் எண்ணெயை மாதிரி எடுத்து நிறமாலைமானியில் சோதித்தது. எண்ணெய்த் துளியை மின்பொறியில் எரித்தால் அதிலுள்ள உலோகங்கள் தத்தம் நிறத்தில் ஒளிரும். இரும்பு கூடினால் சிலிண்டர் அல்லது வளையம், செம்பும் ஈயமும் கூடினால் பேரிங், சிலிக்கான் கூடினால் காற்று வடிகட்டி வழியே புழுதி புகுகிறது என்று தெரிந்துகொள்ளலாம். ரத்தப் பரிசோதனை போன்றதுதான் இது. இன்று பெரிய டீசல் இஞ்சின்களை வைத்திருப்போருக்கு இது வழக்கமான வேலை. ஏல மைதானத்தில் இதற்கு வாய்ப்பில்லை. அங்கே பெரும்பாலும் பார்வையிட மட்டுமே அனுமதி. வண்டி உள்ளது உள்ளபடியே விற்கப்படும்.

கைக்கெட்டும் வழி ஒன்று இருக்கிறது. அரசு வண்டி ஒவ்வொன்றுக்கும் லாக் புக் உண்டு. எங்கே போனது, எத்தனை கிலோமீட்டர், எத்தனை லிட்டர் டீசல் என்று அதில் எழுதியிருக்கும். தூரமானி மறைப்பதை டீசல் கணக்கு காட்டிக்கொடுத்துவிடும். ஓர் எடுத்துக்காட்டு: 100 லிட்டர் டீசலில் வண்டி 800 கிலோமீட்டர் ஓடியதாகப் பதிவு. சாலையில் லிட்டருக்கு 12 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி அது என்றால், 800 கிலோமீட்டருக்கு 67 லிட்டரே போதும். மீதி 33 லிட்டர் நின்ற இடத்தில் எரிந்திருக்கிறது. ஏசியோடு நிற்கும் வண்டி மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும் என்று வைத்தால், 33 மணி நேர நின்றோட்டம். மணிக்கு 20 கிலோமீட்டர் என்ற மெல்லிய கணக்கில் பார்த்தாலும் 660 கிலோமீட்டர் சேர்கிறது. மீட்டரில் 800 காட்டும் வண்டியின் இஞ்சின் உண்மையில் 1,460 கிலோமீட்டர் உழைத்திருக்கிறது. கட்டுரைத் தொடக்கத்தில் நின்ற 95,000 கிலோமீட்டர் ஜீப்பை இதே விகிதத்தில் கணக்கிட்டால் 1,73,000ஐத் தாண்டும்; கெட்ட எண்ணெயால் வந்த கூடுதல் தேய்மானம் இதில் சேரவில்லை.

வண்டி முழுவதும் ஒரே கடிகாரத்துக்குத் தேய்வதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. டயர், வீல் பேரிங், லீஃப் பட்டை, கியர் எல்லாம் தூரத்துக்குத் தேய்பவை. ஆற்றங்கரைச் சாலையில் ஓடிய வண்டியில் இவை முந்திக்கொள்ளும். ஆல்டர்னேட்டர், தண்ணீர் பம்ப், ஃபேன் பெல்ட் ஆகியவை மணிக்குத் தேய்பவை. ஸ்டார்ட்டர், கிளட்ச், கதவுக் கீல் ஆகியவை எத்தனை முறை பயன்பட்டன என்ற எண்ணிக்கைக்குத் தேய்பவை. ஓட்டுநர் கதவைத் தூக்கிப் பார்த்தால் கீல் ஆடுகிறதா, ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம் நசுங்கியிருக்கிறதா, கிளட்ச் பெடல் ரப்பர் வழவழத்துவிட்டதா என்பவை மீட்டரைவிட நேர்மையான சாட்சிகள். இஞ்சினை ஓடவிட்டுக் காட்டினால் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடிக்கலாம். வளையம் நன்றாக இருந்தால் லேசான மூச்சுதான் வரும். விட்டு விட்டுக் குப்குப்பென்று புகை அடித்தால் எரியறை வாயு கீழே கசிகிறது.

காவல்துறை ஏலங்களில் வருபவை எல்லாம் காவல் வண்டிகளும் அல்ல. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம், 1937இன் கீழ் பறிமுதலான பைக்குகளும் கார்களும் அவற்றில் பெரும்பங்கு. இவற்றின் நோய் நேரெதிரானது: ஓடாமல் கிடந்தே கெட்டவை. வழக்கு முடியும்வரை திறந்தவெளியில் வெயிலிலும் வடகிழக்குப் பருவமழையிலும் நின்றிருக்கும். இரும்பு துருப்பிடிக்கத் தண்ணீரும் ஆக்ஸிஜனும் இரண்டும் வேண்டும். சேஸிஸ் இடுக்கில் ஒட்டிய ஈரச் சேறு இரண்டையும் விடாமல் கொடுத்துக்கொண்டிருக்கும். பேட்டரித் தட்டுகளில் சல்ஃபேட் படிந்து இறுகும். பெட்ரோல் காற்றோடு வினைபுரிந்து பிசினாகி கார்புரேட்டர் துளைகளை அடைக்கும். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும். பிஸ்டன் வளையம் சிலிண்டரோடு துருவால் ஒட்டிக்கொள்ளும். வயலோரத்து எலி ஒயரைக் கடிக்கும். காவல் நிலையங்களில் வண்டிகளை நீண்ட நாள் வைத்திருப்பதில் பயனில்லை, விரைவாக முடிவெடுக்க வேண்டும் என்று 2002இல் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதற்குப் பின்னால் இந்த வேதியியலும் இருக்கிறது. இத்தகைய வண்டியில் மீட்டர் எண்ணுக்கு மதிப்பே இல்லை. எத்தனை மழைக்காலம் வெளியே நின்றது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

தேய்மானத்தைச் சரியாகக் கணித்தாலும் ஏலத்தில் இன்னொரு கண்ணி காத்திருக்கிறது. டெல்டா ஊர்களில் குளத்து மீன் ஏலம் பழக்கமானது. தண்ணீருக்குள் எத்தனை மீன் என்று யாருக்கும் தெரியாது; ஒவ்வொருவரும் ஒரு மதிப்பு வைத்திருப்பார்கள். பலருடைய மதிப்புகளின் நடு, உண்மைக்கு மிக அருகில் வருவதுண்டு. இதை பிரான்சிஸ் கால்டன் 1907இல் காட்டினார்: அறுத்துச் சுத்தம் செய்தபின் ஒரு மாட்டின் எடை என்னவாக இருக்கும் என்று கணித்த 787 பேருடைய மதிப்புகளின் நடு 1,207 பவுண்டு, உண்மை எடை 1,198. ஆனால் ஏலம் நடு மதிப்புக்காரரிடம் போவதில்லை. உச்ச மதிப்புக்காரரிடம் போகிறது. கூட்டத்திலேயே அதிகமாகத் தவறியவர் அவராக இருக்க வாய்ப்பு அதிகம். மெக்சிகோ வளைகுடா எண்ணெய் நிலங்களை ஏலம் எடுத்த நிறுவனங்கள் எதிர்பார்த்த லாபம் காணாததற்கு இதையே காரணமாகக் காட்டி, கேப்பன், கிளாப், கேம்பல் என்ற மூன்று பொறியாளர்கள் 1971இல் எழுதினார்கள். வென்றவர் சாபம் என்று இதைச் சொல்லலாம். கூட்டம் கூடக்கூடத் தன் விலையைக் குறைத்துக்கொள்வதுதான் இதற்கு மருந்து. ஏல மைதானத்தில் மனம் சொல்வது இதற்கு நேரெதிர்.

இன்று எல்லாக் கழிவு வண்டிகளும் சாலைக்குத் திரும்புவதும் இல்லை. 2023 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட விதிப்படி, 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் புதுப்பிக்கப்படுவதில்லை. நாட்டின் பாதுகாப்புக்கும் சட்டம் ஒழுங்குக்கும் பயன்படும் கவச வண்டி போன்ற சிறப்பு வண்டிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. மற்றவை பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையங்களுக்குப் போக வேண்டியவை. ஆகவே ஏலம் கேட்பவர் முதலில் பார்க்க வேண்டிய எண், பதிவுச் சான்றில் உள்ள தேதி.

அந்த வயதுக்கு முன்பே கழிவாகி, ஓட்டத் தகுதியோடு விற்கப்படும் வண்டிகளைப் பொறுத்தவரை, தேவையான தகவல் ஏற்கெனவே காவல்துறையின் லாக் புக்கில் இருக்கிறது. ஏலப் பட்டியலில் பதிவு எண், மாடல், ஆண்டு ஆகியவற்றோடு அந்த வண்டி தன் பணிக்காலத்தில் குடித்த மொத்த டீசலின் அளவையும் ஒரு கட்டத்தில் அச்சிட்டுவிடலாம். பூதலூரிலிருந்து ஏலத்துக்குப் போகும் ஒருவர், டிராக்டருக்குக் கேட்கும் அதே கேள்வியை ஜீப்புக்கும் கேட்டு விடை பெற, மீட்டரோடு அந்த ஓர் எண் போதும். மாவட்டக் காவல் அலுவலகங்கள் அதைச் செய்ய வேண்டும்.